புள்ளி இல்லாத பள்ளம்

இது நிஜமாக நடந்தது. இதற்கு ஆளான பெண்ணை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். எல்லையோரப் பாலைவன நகரமான டூசானில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். அவள் சொன்னதில் நான் மறைத்தது ஒன்றுதான், அந்த மலையின் பெயர். இதைப் படித்துவிட்டு யாரும் தண்ணீர்ப் பாட்டிலோடு அங்கே கிளம்பிவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் இருட்டு கிடையாது. நாய் ஊளையிடாது, கதவு கிறீச்சிடாது. எல்லாமே ஜூன் மாதத்து உச்சிவெயிலில் நடந்தது, நிழல் காலுக்கடியில் சுருண்டுகொள்ளும் நேரத்தில். உச்சிவேளையில் ஒற்றையாய்ப் போகாதே என்று நம் பக்கத்தில் சொல்வார்களே... அதைச் சும்மா சொல்லவில்லை.

அவள் பெயர் நொயெமி புஸ்தமாந்தே. வரைபடம் போடுவது தொழில். மேடு, பள்ளம், பாறை, ஓடை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, ஒரு மனிதன் அந்த நிலத்தில் நடந்தால் எங்கே களைப்பான், எங்கே திரும்புவான், எங்கே விழுவான் என்று கணக்குப் போடுவாள். பிழைப்புத் தேடி, ஒளிந்து எல்லை தாண்டி வடக்கே வருகிறவர்கள் ஏன் குறிப்பிட்ட சில இடங்களிலேயே செத்துக்கிடக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய கேள்வி. உடல் கிடைத்த ஒவ்வோர் இடத்துக்கும் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

புள்ளிகள் வருடா வருடம் நகர்ந்தன. சமவெளியில் எல்லைக் காவலின் கண்காணிப்புக் கோபுரங்கள் வந்த பிறகு, அவை மலைகளுக்குள் ஏறின. கோபுரத்தின் கண் படாத மடிப்புகளைத் தேடித்தான் ஜனங்கள் நடந்திருக்கிறார்கள். அந்த வழியில் ஏற்றம் அதிகம், நிழல் இல்லை. கையில் தூக்கிவரும் தண்ணீர் பாதி வழிக்குக்கூட வராது. யாரும் அவர்களைச் சுடவில்லை, தள்ளிவிடவில்லை. நடக்கிற வழியை மட்டும் மாற்றிவிட்டார்கள். மீதியை வெயில் பார்த்துக்கொண்டது.

அந்த வரைபடத்தில் ஓர் இடம் மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளம். கோபுரத்துக்குத் தெரியாது, ரோட்டுக்கு வெகுதூரம். கணக்குப்படி அங்கே புள்ளிகள் இருந்தே ஆக வேண்டும். ஒன்றுகூட இல்லை.

காணாமல் போனவர்களை அவளோடு சேர்ந்து தேடப் போகும் டெல்ஃபினா ஒரு நர்ஸ். வாய் கொஞ்சம் அதிகம். டெல்ஃபினாவின் மகனுக்கு நொயெமி ஞானத்தாய், அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"செத்தவங்க எங்கன்னு கேட்டா, யாரும் சாகாத இடத்தக் காட்டுறியே கொமாத்ரே," என்றாள் டெல்ஃபினா.

"யாரும் சாகலன்னு அர்த்தமில்ல. யாரும் தேடலன்னு அர்த்தம்."

அந்த நேரத்தில்தான் ஒரு தகவல் வந்தது. குவாத்தமாலாவின் மேற்கு மலைகளில் மாம் என்ற பழங்குடி மொழி பேசும் ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே அன்செல்மா என்றொரு பெண். அவளுடைய கணவன் எவுலோகியோ இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஜூன் மாதத்தில், இந்தப் பாலைவனத்தில் காணாமல் போனான். அன்செல்மாவுக்கு ஸ்பானிஷ் சரியாக வராது. டூசானில் துணி வெளுக்கும் கடை வைத்திருந்த பெத்ரோனாவும் மாம் மொழிக்காரி. அவள்தான் போனில் நடுவே இருந்து மொழிபெயர்த்தாள்.

எவுலோகியோ கடைசியாக வீட்டுக்குப் போன் செய்தபோது, கால் வீங்கிவிட்டது, கூட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். இருக்கிற இடத்திலிருந்து ராத்திரி முழுக்கத் தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது, உடைந்த பல்லைப் போல ஒரு குன்று நிற்கிறது என்றும் சொல்லியிருக்கிறான். பிறகு லைன் அறுந்துவிட்டது.

நொயெமிக்கு அது போதும். ஆஹோ ஊருக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரத்தின் விளக்கு எந்தெந்த மேட்டிலிருந்து தெரியும் என்று கணினியைக் கேட்டாள். அந்தக் குன்றையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய மேடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாள். மிஞ்சியது ஒரே ஒரு மலைவிளிம்பு.

புள்ளி இல்லாத அந்தப் பள்ளத்தின் விளிம்பு.

விடியும் முன்பே இருவரும் வண்டியை எடுத்தார்கள். ரோடு முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் தின்றபடியே நடந்தார்கள். வழியில், வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்காத கறுப்பு நிறத் தண்ணீர்க் கேன்கள் கிடந்தன. தடம் பதியாமல் இருக்கச் செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ளும் கம்பளக் காலுறை ஒன்று கள்ளியில் தொங்கியது. மலையடிவாரத்தை அடைந்தபோது டெல்ஃபினாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது.

ஒற்றையாகப் போவதில்லை என்பது தேடுகிறவர்களின் சட்டம். ஆனால் மேடு கண்ணெதிரே நின்றது. ஏறி, எட்டிப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறேன் என்றாள் நொயெமி. டெல்ஃபினா ஒரு முள்மரத்தின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"வரலன்னா உன் பேர்லயும் ஒரு புள்ளி வச்சிடுவேன்," என்றாள்.

நொயெமி சிரித்துக்கொண்டே ஏறினாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியதுமே வாக்கி-டாக்கி இரைந்து அடங்கியது. மலை மறைத்தால் அப்படித்தான், அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அங்கிருந்த அமைதி. ஒரு பறவை இல்லை, பூச்சியின் ரீங்காரம் இல்லை. தன் பூட்ஸ் மணலை நெரிக்கும் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது.

வறண்ட ஓடை ஒன்று பள்ளத்தின் நடுவே போனது. அதன் மணலில் இறங்கி, இருபுறமும் பார்த்தபடி கடைசிவரை நடந்தாள். துணி இல்லை, எலும்பு இல்லை. ஒன்றுமே இல்லை. திரும்பும்போது முதுகு ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தாள். தொட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உரசினாலே பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் குதிக்கும் கள்ளியின் முள் முதுகுப் பைக்குள் ஏறி, உள்ளிருந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பையைத் துளைத்திருந்தது. உள்ளே இரண்டு மடக்கு மிஞ்சியிருந்தால் அதிகம்.

பயப்படவில்லை. வந்த தடத்தைப் பார்த்தே திரும்பிவிடலாம். மணலில் அவளுடைய பூட்ஸ் தடம் அச்சடித்தாற்போலத் தெரிந்தது.

அதை ஒட்டி இன்னொரு தடமும் இருந்தது.

சின்னத் தடம். வெறுங்கால். ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன.

நொயெமி குனிந்து பார்த்தாள். ஆறு, ஏழு வயதுக் குழந்தையின் கால். அந்த மணலில் வெறுங்காலை ஒரு நொடி வைத்தாலே தோல் உரிந்துவிடும். அவளுக்குத் தோன்றிய முதல் நினைப்பு பேய் இல்லை. ஐயோ, இங்கே ஒரு குழந்தை தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் தோன்றியது.

"யாரும்மா அது? பயப்படாத... எங்கிட்ட தண்ணி இருக்கு," என்று கூப்பிட்டாள்.

மலையில் மோதி அவள் குரலே திரும்பி வந்தது.

தன் தாகத்தை மறந்துவிட்டுத் தேடினாள். ஒவ்வொரு புதரடியிலும் பார்த்தாள், ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் போனாள். மிஞ்சிய இரண்டு மடக்கையும் குழந்தைக்கென்று வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி அலைந்தாளோ, அவளுக்கே தெரியாது. ஒன்றை மட்டும் கவனித்தாள். அந்தத் தடம் எந்தப் புதருக்கும் போகவில்லை, எந்தப் பாறைக்கும் போகவில்லை. அவள் போன இடத்துக்கு மட்டும் போயிருந்தது.

அவள் நின்ற இடத்தில் அதுவும் நின்றிருந்தது.

தலை சுற்றியது. ஜி.பி.எஸ். கருவியை எடுத்தாள். சூடு தாங்காமல் அணைந்துபோயிருந்தது. கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டே கால். அப்போதுதான் வியர்வை நின்றுவிட்டதைக் கவனித்தாள். கொளுத்தும் வெயிலில் கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. இது வெயில் மூளைக்கு ஏறுவதன் அறிகுறி என்று அவளுக்குத் தெரியும். டெல்ஃபினா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

கையகல நிழல் ஒன்று தெரிந்தது. ஒரு பாறையின் நிழல். கொஞ்சம் உட்கார்ந்தால் போதும் என்று உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கேட்டது.

குழந்தைக் குரல். இரண்டே சொல். ஸ்பானிஷ் இல்லை, ஆங்கிலம் இல்லை. முதல் சொல் தொண்டையில் சிக்கி வெடிப்பதுபோல வந்தது. இரண்டாவது மெதுவாக இழுத்து, கெஞ்சுவதுபோல...

விருட்டென்று எழுந்தாள். யாரும் இல்லை.

வெயில்தான், வேறொன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். அம்மா பெயரைச் சொல்லிப் பார்த்தாள். ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று சொல்லிப் பார்த்தாள். புத்தி சரியாகத்தான் இருந்தது. நடந்தாள். கால் மடங்கியது. மறுபடி உட்கார்ந்தாள்.

அதே இரண்டு சொல்... இப்போது காதருகில்.

எழுந்தாள். குரல் நின்றது.

அலைந்ததில் அவள் தடமே நாலா பக்கமும் குழம்பிக் கிடந்தது. வந்த மேடு எது? சுற்றிலும் எல்லா மேடும் ஒன்றுபோலவே இருந்தன. தன் வரைபடத்தை மனதில் விரித்துப் பார்த்தாள். வெளியே போகும் வழி வலது பக்கம். இடது பக்கம் செங்குத்துப் பாறைச் சுவர். இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வலது பக்கம் திரும்பினாள்.

பின்னால் கூழாங்கல் உருண்டது. டக்... டக்... இடது பக்கமாக.

திரும்பிப் பார்த்தாள். மணலில் தடம். இப்போது அவளுக்கு முன்னால். பாறைச் சுவரை நோக்கி.

"அந்தப் பக்கம் வழி இல்லடா கண்ணு..."

சொன்ன பிறகுதான், யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது.

மூன்றாவது முறை அவள் உட்காரவில்லை. விழுந்தாள். கன்னம் மணலில் சுட்டது. ஆனால் எழத் தோன்றவில்லை. வலி இல்லை. நன்றாக இருந்தது. தூங்கினால் போதும்...

அவள் சுண்டுவிரலை யாரோ பிடித்தார்கள்.

சின்னக் கை.

குளிரவில்லை. தூங்கி எழுந்த குழந்தையின் கைபோல வெதுவெதுப்பாக இருந்தது.

இழுத்தது.

கண்ணைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே முட்டி போட்டு எழுந்தாள். கை அவளை இடது பக்கம் இழுத்தது. போனாள். உடலில் பாறையின் நிழல் விழுந்ததை உணர்ந்தாள். கண்ணைத் திறந்தாள்.

விரலில் யாரும் இல்லை. எதிரே, பாறைச் சுவரில், ஒரு பிளவு.

ஆள் ஒருக்களித்துப் போகக்கூடிய பிளவு. அவளுடைய வரைபடத்தில் முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளியில்தான் உயரம் பதிவாகியிருந்தது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இப்படி ஒரு வழி ஒளிந்திருந்தால் கணினிக்குத் தெரியாது. உள்ளே காற்று வந்தது. அப்படியென்றால் மறுபக்கம் திறந்திருக்கிறது.

உள்ளே நுழைந்தாள். பாதி வழியில் அவனைப் பார்த்தாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலை. எலும்புகள். வெளுத்த சட்டை. ஒரு காலின் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தான், வீட்டு வாசலில் வைப்பதுபோல.

வெளியே வெளிச்சம். முப்பது அடி இருந்தால் அதிகம். அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து... எழவில்லை.

அப்போது அந்தக் குரல் மறுபடி கேட்டது.

இம்முறை அவளிடம் இல்லை. கீழே, தரையருகில், அவன் மடிப்பக்கமாக. அதே இரண்டு சொல். மெதுவாக. மறுபடியும்... மறுபடியும்...

நொயெமி அழுதுகொண்டே வெளியே தவழ்ந்தாள். அடிவாரத்து முள்மரம் கீழே தெரிந்தது. விசிலை ஊதினாள். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் டெல்ஃபினா ஏறி வந்து, தலையில் தண்ணீரை ஊற்றி, உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். கொஞ்சம் தெளிந்ததும் நொயெமி நடந்ததைச் சொன்னாள். டெல்ஃபினா அவள் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"வெயில் ஏறினா எல்லாம் கேக்கும். நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்," என்று மட்டும் கடைசியில் சொன்னாள்.

அன்று மாலையே தகவல் கொடுத்தார்கள். மறுநாள் அதிகாரிகள் வந்து எலும்புகளை எடுத்துப் போனார்கள். பள்ளத்து மணலில் நொயெமியின் பூட்ஸ் தடம் மட்டும்தான் இருந்ததாம். பரிசோதனை முடியப் பல மாதங்கள் ஆயின. அது எவுலோகியோதான் என்று உறுதியானது.

முடிவு வந்த அன்று நொயெமி பெத்ரோனாவின் கடைக்குப் போனாள். அன்செல்மாவுக்குச் சொல்ல வேண்டும். போன் போடுவதற்கு முன்னால், இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள். அந்த இரண்டு சொல்லை, தொண்டையில் சிக்கியது, இழுத்தது எல்லாம் சேர்த்து, தன்னால் முடிந்தவரை அப்படியே சொல்லிக் காட்டினாள்.

பெத்ரோனா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இத உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"என்ன அர்த்தம்?"

"'எந்திரி அப்பா'ன்னு அர்த்தம். எங்க பாஷதான்."

போன் போட்டார்கள். கணவன் கிடைத்துவிட்டான் என்று கேட்டதும் அன்செல்மா வெகுநேரம் அழுதாள். அவள் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, அவனோடு ஏதாவது குழந்தை வந்ததா என்று கேட்கச் சொன்னாள் நொயெமி.

இல்லை, தனியாகத்தான் போனார் என்றாள் அன்செல்மா. எங்களுக்கு ஒரே மகள், தொமாசா. இங்கே என்னோடுதான் இருக்கிறாள். உயிரோடு, நலமாக இருக்கிறாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். பெத்ரோனா ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தாள்.

அந்தக் கடைசிப் போன் வந்தது மத்தியானத்தில். பேசிக்கொண்டிருக்கும்போதே போனை மகள் பிடுங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு நடக்கிறேன் கண்ணு என்று அப்பா அவளிடம்தான் சொல்லியிருக்கிறார். லைன் அறுந்த பிறகும் அவள் போனை விடவில்லை. 'எந்திரி அப்பா, எந்திரி அப்பா' என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தினமும் மத்தியானம் ஆனால், இருக்கிற இடத்திலேயே விழுந்து தூங்கிவிடுவாள். எழுப்பினாலும் எழமாட்டாள். தூக்கத்தில் கால்கள் நடந்துகொண்டே இருக்கும். வைத்தியரிடமும் காட்டினோம், பாதிரியாரிடமும் காட்டினோம்.

போன ஜூன் மாதத்தில் ஒரு நாள், தூக்கத்திலிருந்து எழுந்து பேசினாள். இரண்டு வருடத்தில் முதல் பேச்சு.

"என்ன சொன்னா?" என்றாள் நொயெமி.

பெத்ரோனா கேட்டாள். கேட்டுவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"'ஒரு அம்மாவ எழுப்பினேன், எந்திரிச்சிட்டாங்க. அப்பாதான் எந்திரிக்கல'ன்னு சொன்னாளாம்."

அது எந்த நாள் என்று கேட்டார்கள். நொயெமி பள்ளத்தில் விழுந்த அதே நாள்தான்.

எலும்புகள் சிறிய பெட்டியில் ஊருக்குப் போயின. கிராமமே திரண்டு நின்று அடக்கம் செய்தது. தொமாசா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகப் பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் மத்தியானத் தூக்கம் மட்டும் விடவில்லை. அப்பாதான் வீட்டுக்கு வந்துவிட்டாரே, இன்னும் ஏன்டி இப்படித் தூங்குகிறாய் என்று அன்செல்மா ஒரு நாள் கேட்டிருக்கிறாள்.

"அங்க இன்னும் நெறைய பேரு படுத்திருக்காங்கம்மா," என்றாளாம் குழந்தை.

அதற்குப் பிறகு, அந்த வேளையில் அவளை யாரும் எழுப்புவதில்லை.